ஆயுள் கிழவரைப் பிடித்த கை

நான் வாழ்க்கையில் இரண்டு முறை மேடையில் நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் என் கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதுவும் கையாகத் தெரியவில்லை. வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவராகத் தெரிந்தது. மற்றபடி பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நன்றி சொல்லக்கூட எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேச்சுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் காய்ச்சல் வந்து படுத்தவன் நான்.

எழுபத்தேழு, எழுபத்தெட்டில் நாங்கள் சிட்னியில், லிட்கத்தில் இருந்தோம். என் மனைவி தாதி. அவளுடைய படிப்பைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்த நாட்டுக்கு வர அனுமதி கிடைத்தது. நான் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி.யோடு நின்றவன், ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அந்த நாட்களில் சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் டொக்டர்கள், எஞ்சினியர்கள். ஒன்றுகூடல்களில் புதிதாக வந்தவர் யாராவது என்னிடம், "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்பார்.

"பெட்டி செய்யிறன்."

"ஓ," என்பார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் வராது, எனக்கும் வராது. நான் குசினிப் பக்கம் போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடுவேன்.

பெட்டி என்றது அட்டைப் பெட்டி. பழ டின்கள் அடுக்குகிற பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. இயந்திரத்திலிருந்து மடிந்து வரும் அட்டைகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவது என் வேலை. கட்டியதைத் தூக்கித் தள்ளுவண்டியில் அடுக்குவது இன்னொருவருடைய வேலை.

அவர் தைவானிலிருந்து வந்தவர். ஐம்பத்தெட்டு வயது. அவருடைய மகளும் என் மனைவியும் ஒரே வார்ட்டில் தாதிகள். மகள் இங்கே ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்து, பிறகு தாய் தகப்பனைக் கூப்பிட்டிருந்தாள். அப்பாவுக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று என் மனைவியிடம் அவள் கேட்க, என் மனைவி என்னிடம் கேட்க, நான் மூன்று நாள் யோசித்து, ஃபோர்மனிடம் கேட்டேன். அப்படித்தான் அவர் வந்து சேர்ந்தார். அவர் என்னை மிஸ்டர் என்றார். நானும் அவரை மிஸ்டர் என்றேன். ஒருவர் பெயரை ஒருவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் காரணம். ஃபோர்மன், அவர் மால்டாக்காரர், எங்களை "ரெண்டு மிஸ்டரும் இங்கே வாங்கோ" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதும்போது அது நன்றாகிவிடுகிறது. உண்மையில் பாதி வார்த்தைகளைக் கைதான் சொன்னது.

அவர் கட்டுகளைத் தூக்கும் விதம் எல்லோர் கண்ணிலும் பட்டது. வலது கையின் சுட்டுவிரல் மட்டும் வேலைக்கு வராது. மற்ற நான்கு விரலும் கயிற்றைப் பிடிக்க, அது மட்டும் விலகி நிமிர்ந்து நிற்கும். ஏதோ அடிபட்ட விரல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஃபோர்மன் கேட்டுவிட்டார்.

"அந்த விரல் மட்டும் யூனியனில சேர்ந்திட்டுதோ? ஸ்ட்ரைக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து ஆரஞ்சு போன்ற ஒரு மண்டரின் பழத்தை எடுத்தார். தோலில் நகத்தால் ஒரு துளை போட்டுச் சுட்டுவிரலில் குத்தினார். கைக்குட்டையால் கையை மூடினார். பெருவிரல் ஒரு கை, மற்ற மூன்று விரலும் மறு கை. அந்தப் பழம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அட்டைக் கட்டின் ஓரமாக நடந்தது. நின்றது. திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. தலையை மெல்ல ஆட்டியது. அது எங்கள் ஃபோர்மன்தான். கண் மூக்கு இல்லாத பழத்தில் அவருடைய முகம் தெரிந்தது. ஃபோர்மனே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மிஸ்டர், உங்கட உண்மையான தொழில் என்ன?" என்று கேட்டேன்.

"இது," என்றார் அவர். பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்றாக உட்காரத் தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அவருடைய தகப்பனும் கைப்பொம்மை ஆட்டியவர். பொம்மையின் தலையைத் தாங்குவது சுட்டுவிரல், அதைப் பாரம் தூக்க விடக்கூடாது என்று சொல்லி வளர்த்தாராம். கோயில் திருவிழாக்களில், கோயிலுக்கு எதிரே மேடை போட்டு, சாமி பார்க்க ஆடுவார்கள். சனம் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும், சாமி வந்திருக்கிறாரே. அவர் வளர்ந்தபோது ஜப்பான்காரர் ஆட்சி. சாமிக்கு ஆடக்கூடாது, பொம்மைகளுக்கு எங்கள் உடுப்பைப் போடு, எங்கள் பாஷையில் பேசு என்றார்கள். தகப்பன் நல்ல தலைகளையெல்லாம் கழற்றி அரிசித் தாழிக்குள் புதைத்துவிட்டு, மட்டமான தலைகளுக்கு ஜப்பான் உடுப்புப் போட்டு ஆடினார். பிறகு அந்த அரசாங்கம் போய் வேறு அரசாங்கம் வந்தது. அவர்களும் முன் வரிசையில் ஒரு ஆளை உட்கார வைத்து, கதையில் என்ன பேசுகிறார்கள் என்று எழுதி எடுத்தார்கள். பிறகு டெலிவிஷன் வந்தது. அவருடைய பொம்மைகளைவிட மூன்று மடங்கு பெரிய பொம்மைகள், மின்னுகிற உடுப்பு, புகை. பிறகு ஒரு நாள் அதையும் ஊர்ச் சனத்தின் பாஷையில் காட்டக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியது.

"அப்ப உங்களுக்குச் சந்தோஷமா இருந்திருக்குமே," என்றேன். டெலிவிஷன்காரர்கள் அவருடைய போட்டியாளர்கள் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மிஸ்டர், அன்றைக்கு நான் சாப்பிடவில்லை," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வீட்டுக்கு அழைத்தார்கள். அவருடைய மனைவியை அன்றுதான் முதலில் கண்டேன். சிறிய உருவம், அதிகம் பேசாத அம்மா. என்னைப்போலவே தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பதினொரு பொம்மைகள். தலைகள் ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. என் மனைவி மூச்சை இழுத்து என் பக்கம் குனிந்து, "இஞ்சருங்கோ, கோயில் மணக்குது," என்றாள். எனக்கும் மணத்தது. அந்தத் தலைகளைக் கற்பூர மரத்தில் செதுக்குவார்களாம்.

விமான நிலையத்தில் மரச்சாமான் என்று தலைகளைப் பிடித்து வைத்துவிட்டார்களாம். பூச்சி இருக்கும் என்று மருந்துப் புகை போட்டு, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கழித்துத்தான் தந்தார்களாம். மகள் இதைச் சொன்னபோது அவர் இடையில் ஏதோ சொன்னார். மகள் சிரித்துக்கொண்டு, "எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்களாம். இனி ஒரு நோய் வருத்தமும் வராதாம்," என்றாள்.

அன்றைக்கு அவர் இரண்டு பொம்மைகளை எடுத்து ஆட்டிக் காட்டினார். மூன்றாவது தேவைப்பட்டபோது மனைவியைப் பார்க்கவில்லை; ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா தேநீரைக் கீழே வைத்தார், மூன்றாவது பொம்மை வந்துவிட்டது. அவர்கள் கலையில் முதல் கை, இரண்டாம் கை என்று உண்டு. முதல் கைதான் எல்லாப் பாத்திரத்துக்கும் பேசும்: அரசன், கள்ளன், பெண், கிழவி, பேய் எல்லாம் ஒரே வாய். இரண்டாம் கை பக்கத்தில் நின்று மற்றப் பொம்மைகளைப் பிடிக்கும், பேசாது. முப்பது வருஷமாக அந்த அம்மாதான் இரண்டாம் கை. முப்பது வருஷமும் மேடையில் ஒரு சொல் பேசியதில்லை.

எழுபத்தெட்டு ஏப்ரலில் அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. என் மனைவி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"திறந்து பாத்துப்போட்டு மூடிவிட்டினம்," என்றாள்.

"அப்ப?"

"மகளுக்குத் தெரியும். தகப்பனுக்கும் சொல்லிப்போட்டாள். தாய்க்குச் சொல்லேல்லை."

அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். ஒப்பரேஷன் அன்று நாடகக்காரர்களின் தெய்வத்துக்கு அவர் நேர்ந்துகொண்டாராம். நேர்த்தி என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. "அவள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வரவேண்டும். வந்தால், உம்முடைய பிறந்த நாளுக்கு உமக்கு ஆட்டம் ஆடுகிறேன்." அப்படித்தான் கேட்டாராம். அந்த அம்மா ஒன்பதாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

"சாமி தந்துவிட்டார்," என்றார் அவர். "நான் கேட்டது அவ்வளவுதான், மிஸ்டர். வருஷம் கேட்க மறந்துவிட்டேன்."

தெய்வத்தின் பிறந்த நாள் ஜூலையில் வந்தது. சாமிக்கு ஆடுகிற ஆட்டம் பெரிய கதை இல்லை. மூன்று தேவர்கள் வருவார்கள். ஒருவர் செல்வத்துக்கு, ஒருவர் பதவிக்கு, ஒருவர் ஆயுளுக்கு. ஆயுள் தேவர் பெரிய நெற்றியும் வெள்ளைத் தாடியும் உள்ள கிழவர். வரிசையாக வந்து, சாமியை வணங்கி, கடைசியில் கிழவர் ஆயுளைத் தருவார். அதோடு முடியும். நேர்த்தியை அவர் கட்டாயம் செலுத்த வேண்டும். அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே செலுத்த வேண்டும். அதைவிட, மறந்துபோன வருஷத்தை அந்தக் கடைசி வரியில் கேட்டுவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. மகள்தான் என் மனைவிக்குச் சொன்னாள்.

ஆனால் தேவர்கள் மூன்று பேர், அவருக்குக் கை இரண்டு. இரண்டாம் கைக்கு இப்போது கையைத் தூக்கிப் பிடிக்கப் பெலன் இல்லை.

"உங்களைக் கேக்கச் சொல்லி மகள் சொன்னவள்," என்றாள் என் மனைவி.

"நானோ? எனக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியத் தேவையில்லையாம். கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதுதானாம்."

"ஆக்களுக்கு முன்னாலையோ?"

"துணிக்குப் பின்னாலையப்பா. உங்களை ஆர் பாக்கப்போகினம்? சாமி, அந்த அம்மா, நான். என்னைக் கண்டால் உங்களுக்கு வெக்கமோ?"

தொழிற்சாலையில் அவரிடம் கேட்டேன், மகளின் புருஷனைக் கேட்டால் என்ன என்று. அவர் தலையசைத்தார். "அவன் நல்லவன். ஆனால் பேசுவான். சாமி ஆட்டத்தில் பின்னால் நிற்பவன் ஒரு சொல் பேசக்கூடாது. நீ பேசமாட்டாய். என் மனைவியும் பேசமாட்டாள்."

என்னுடைய கூச்சத்தை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

ஐந்து கிழமை பழகினேன். அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால், சாண்ட்விச்சை அவசரமாக விழுங்கிவிட்டு, ஒரு பழைய காலுறையைக் கையில் போட்டுக்கொண்டு நிற்பேன். நிற்பது இலேசு என்று நினைத்திருந்தேன். தலைக்கு மேலே கையைப் பதினைந்து நிமிஷம் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நான்காவது நிமிஷத்தில் தோளில் நெருப்புப் பிடிக்கும். அசையாமல் பிடித்தால், "செத்துப்போனார்" என்பார். அசைத்தால், "குடித்திருக்கிறார்" என்பார். பொம்மை சும்மா நிற்கும்போதும் மூச்சுவிட வேண்டும். மணிக்கட்டில் ஒரு நூல் அளவு ஏறி, ஒரு நூல் அளவு இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கிழவரின் தலை தாழக்கூடாது. வணங்கும் இடத்தில் மூன்று முறை குனியலாம். மற்ற நேரம் தலை தாழ்ந்தால் அவர் கையில் இருக்கிற ஆயுள் கீழே விழுந்துவிடும். அதே மாதிரி, தொடங்கிய சாமி ஆட்டம் நடுவில் நிற்கக்கூடாது. மழை வந்தாலும், மேடையில் நெருப்புப் பிடித்தாலும் வாய் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஃபோர்மன் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "என்ன, காலுறையைப் போட்டுக்கொண்டு டொய்லெட் போகவோ கை தூக்கிறியள்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பழுதான அட்டைகள் வைக்கும் மூலையைக் காட்டி, "வேண்டியதை எடுங்கோ. நான் இந்தப் பக்கம் பார்க்கேல்லை," என்றார்.

மேடை அப்படித்தான் வந்தது. ஊரில் அவருக்கு மரத்தில் செதுக்கித் தங்கப்பூச்சுப் பூசிய மேடை இருந்ததாம். அதை விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே பீச் பழ டின் பெட்டிகளின் அட்டையில் நான் ஒரு கோபுர முகப்பு வெட்டினேன். அச்சடித்த பக்கம் வெளியே தெரியக்கூடாது என்றார். அதனால் அது உள்பக்கமாக, என் மூக்குக்கு நேரே வந்தது. ஒரு கண்ணாடிக் கோப்பைப் படம், அதன் பக்கத்தில் மேல்நோக்கி இரண்டு அம்பு, "இந்தப் பக்கம் மேலே" என்ற எழுத்து.

ஆட்டம் ஒரு ஞாயிறு காலை. மருமகன் காரை எடுத்து வெளியே விட்டுவிட்டு, கராஜைக் கூட்டித் தந்தான். கடும் குளிர். சாமிக்கு ஒரு மேசை, பழங்கள், மூன்று சின்னக் கோப்பையில் தேநீர், ஊதுபத்தி. மேசைக்குப் பக்கத்தில் கதிரையில் அந்த அம்மாவைப் போர்வையால் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அதுவும் பாதியாகிவிட்டிருந்தது. என் மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள். மகள் மேடைக்குப் பக்கத்தில் சேமக்கலம் போன்ற ஒரு வெண்கலத் தட்டைக் கோலால் தட்டினாள்.

அவர் வாயைத் திறந்தார். தொழிற்சாலையில் நான் கேட்ட குரல் இல்லை அது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. செல்வத்தின் தேவர் போனார், பேசினார், வணங்கினார். பதவியின் தேவர் போனார். பிறகு அவருடைய முழங்கை என் விலாவில் தொட்டது. நான் கிழவரை மேலே ஏற்றினேன்.

நன்றாகத்தான் நின்றார். மூச்சும் விட்டார். மூன்று முறை குனிந்தார், நிமிர்ந்தார். கடைசி வரிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தோள் எரியத் தொடங்கியதும், அதை மறப்பதற்காக, அட்டையில் நான் வெட்டிய பூவேலையின் ஓட்டை ஒன்றினூடாக வெளியே பார்த்தேன்.

அந்த அம்மாவின் வலது கை போர்வைக்கு வெளியே வந்திருந்தது. மடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. சுட்டுவிரல் நிமிர்ந்திருந்தது. பெருவிரல் ஒரு கை, மற்ற விரல்கள் மறு கை. ஒரு நூல் அளவு ஏறி, ஒரு நூல் அளவு இறங்கி, வெறும் கை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நான் மேலே பிடித்திருந்த கிழவரை அவர் கீழே பிடித்திருந்தார்.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த அம்மாவின் கண் பெரிதாகி என் தலைக்கு மேலே எதையோ பார்த்தபோதுதான் நினைவு வந்தது. என் கை மடங்கிவிட்டிருந்தது. ஆயுள் கிழவரின் தலை மேடை ஓரத்தில் தாடியோடு கவிழ்ந்து கிடந்தது.

பக்கத்தில் குரல் நின்றது. மகளின் கையும் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றார். 

அப்போது கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. தடித்த, கரகரத்த, கிழவரின் குரல். சின்னதாக ஏதோ சொல்லி, ஒரு கேள்விபோல முடிந்தது. அந்தக் குரலோடு என் கை தானாக நிமிர்ந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். கிழவர் ஆயுளைத் தந்தார். மகள் தட்டினாள். முடிந்தது.

நான் துணிக்குப் பின்னாலேயே நின்றேன். அந்த அம்மா என் மனைவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கையிலிருந்து கிழவரைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டார். விரல் மெலிந்து போனதால் தலை நிற்காமல் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. மறு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, கிழவரை என்னைப் பார்த்து மூன்று முறை குனிய வைத்தார். 

அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "ஏனப்பா கை விழுந்தது?" என்றாள்.

"களைச்சிட்டுது," என்றேன்.

பத்தொன்பதாம் நாள் அந்த அம்மா இறந்தார்.

என் மனைவிக்கு இது விளங்காது. அவள் தாதி, அந்த வருத்தத்தை அறிந்தவள். பத்தொன்பது நாளே அதிகம் என்றாள். நான் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, எண்ணிக்கையை மறந்து யோசித்தேன்: தலை விழாமல் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? ஒரு வருஷமா, ஆறு மாதமா, தீபாவளி வரைக்குமா? அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தினமும் காலையில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போவேன். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் வேலைக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் தரிப்பில் போய் நின்றுகொண்டு சாப்பிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. செப்டெம்பர் முழுவதும் மழையிலும் அங்கேதான் சாப்பிட்டேன். அவர் எனக்கு விட்ட இடம் அப்படியே இருந்ததாக ஃபோர்மன் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

செத்த வீட்டுக்கு நாங்கள் கொடுத்து அனுப்பிய சோற்றுச் சட்டியைத் திருப்பித் தர மகள் ஒரு நாள் வந்தாள். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கழுவித் துடைத்த சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா கேட்கச் சொன்னார், உங்களுக்கு அவர்மேல் என்ன கோபம்?" என்றாள்.

"எனக்கா?"

"சாப்பிட வருவதில்லையாமே."

மூன்று மாதம் அடுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "கையை விழவிட்டன்," என்று மட்டும் சொன்னேன். "அவ போயிட்டா."

மகள் கதிரையில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் பூட்டைத் திறந்து மூடினாள்.

"அப்பா தன்னால்தான் என்கிறார்," என்றாள். "முப்பது வருஷத்தில் சாமி ஆட்டத்தில் அவருடைய வாய் நின்றதில்லை. கிழவர் விழுந்தால் என்ன, பேசிச் சமாளித்திருக்க வேண்டும். அதுதான் முதல் கையின் வேலை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியை. கிழவர் விழுந்ததைக் கண்டதும் வாய் வரவில்லை. ஆட்டம் நின்றது. அதனால் நேர்த்தி தீரவில்லை என்கிறார்."

"அம்மா அண்டைக்கு என்ன சொன்னவ?"

"உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். "'வழி நீண்டது, தூங்கிப்போனேன். எங்கே விட்டீர்கள்?' என்றார். அம்மா மேடையில் பேசின ஒரே பேச்சு."

அடுத்த நாள் நான் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் தந்தார். மண்டரின் பருவம் முடிந்திருந்தது. ஒரு ஆப்பிளைப் பாதியாக வெட்டித் தந்தார். 

அடுத்த வருஷம் ஜூன் மாதம், ஒரு பழைய காலுறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுப் பெற்றது கையில் இல்லாவிட்டாலும் நேர்ந்துகொண்டதைத் தீர்த்துத்தான் ஆகவேண்டும். எங்களிலும் அப்படித்தான்.

பழகும்போது ஒரு இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இங்கே விழட்டும்," என்றார்.

"விழட்டுமா?"

"விழட்டும். இப்போது அது ஆட்டத்தில் இருக்கிறது."

அதே கராஜ், அதே குளிர். அட்டை மேடை ஒரு வருஷம் மடித்து வைத்ததில் ஓரங்கள் கிழிந்திருந்தன. நான் டேப் ஒட்டினேன். அதே கதிரையைச் சாமி மேசைக்குப் பக்கத்தில் வைத்து, போர்வையை மடித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். என் மனைவி பின்னால் நின்றாள். இந்த முறை நான் ஓட்டையினூடாகப் பார்க்கவில்லை. அட்டையில் இருந்த அம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடம் வந்தது. கிழவரின் தலையைத் தாழ்த்தினேன். குரல் நின்றது. மகள் கையை நிறுத்தினாள்.

கிழவரின் குரலில் அந்த வரி வரும் என்று காத்திருந்தேன். என் பக்கத்திலிருந்து வந்தது ஒரு பெண்ணின் குரல். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். தேநீர் இன்னும் வேண்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் என்னைக் கேட்ட அதே குரல். அரசனுக்கும் பேய்க்கும் கிழவிக்கும் பேசிய வாய் அந்த அம்மாவுக்கும் பேசியது. வெளியே மகள் கையிலிருந்த தட்டும் கோல் சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

அந்த வரியோடு கிழவரை நிமிர்த்த வேண்டியது என் வேலை. உடனே முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, காத்துக்கொண்டு நின்றார். நான் மெல்ல நிமிர்த்தினேன். அவர் ஆயுள் தரும் வரியைச் சொன்னார். கதிரையில் போர்வை இருந்தது.

பெட்டிக்குள் கிழவரை வைக்கும்போது, "அடுத்த ஜூலையும் வாறதோ?" என்று கேட்டேன்.

"இல்லை, மிஸ்டர். தீர்ந்தது," என்றார்.

திங்கட்கிழமை நான் முதல் கட்டைக் கட்டித் தள்ளினேன். அவர் குனிந்து தூக்கினார். கயிற்றை ஐந்து விரல்களாலும் பிடித்திருந்தார். சுட்டுவிரல் மற்ற விரல்களோடு மடங்கியிருந்தது.

ஃபோர்மன் அந்தப் பக்கம் வந்தவர் அதைக் கண்டு, "என்ன, ஸ்ட்ரைக் முடிஞ்சுதோ?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த கட்டுக்குக் கையை நீட்டினார்.